ஆயில் ஒழுகிய மாதங்கள்

எங்கள் காருக்குக் கிட்டத்தட்ட என் வயது. எத்தனை கை மாறி எங்களிடம் வந்ததோ, கதவு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சாத்தும். என் கணவருக்குச் சாமையும் புளியும் வாங்கி விற்கிற வியாபாரம். ஜவ்வாது மலையில் வாங்கி ஆலங்காயத்துக்கும் வாணியம்பாடிக்கும் இறக்குவார். பின் சீட்டில் மூட்டை போகிற நாட்களில் நான் அதில் ஏறினால் சேலையெல்லாம் புளி வாசம். நான் மலையிலேயே ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். "டீச்சர், இன்னைக்கு உங்க வூட்ல புளிக்கொழம்பா?" என்று பிள்ளைகள் கேட்கும். வேலை கிடைத்து மலைக்கு வந்தவள் நான். கல்யாணம் ஆனதும் அவரும் தன் ஊரான கலசப்பாக்கத்தை விட்டுவிட்டு என்னோடு ஏறி வந்துவிட்டார்.

ஆனால் காரை வாங்கியது வியாபாரத்துக்காக இல்லை. எனக்கு முதல் இரண்டு முறை உண்டானதும் தங்கவில்லை. இரண்டாவது முறை நல்ல மழை. காவலூர் தாண்டிக் காட்டு ரோட்டில் மரம் விழுந்து, ஆம்புலன்ஸ் மேலே வர நேரமாகிவிட்டது. சீக்கிரம் வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றுதான் கீழே டாக்டரம்மா சொன்னார். என் கணவர் அதைக் கேட்டுத் தலையாட்டினார். அடுத்த மாதமே இந்தக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். இன்னதற்கு வாங்கினேன் என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாவது முறை உண்டானபோது முதல் மூன்று மாதம் மலை இறங்கி ஏறக் கூடாது, அசையாமல் படுத்திரு என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். நான் லீவு போட்டுவிட்டுப் படுத்தேன். காரும் என்னோடு படுத்துக்கொண்டது. அவர் பைக்கில் போய்வந்தார், மூட்டைகளை ஷேர் ஜீப்பில் ஏற்றிவிட்டார். பலாமரத்தடியில் கார் சருகு மூடிக் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே அதைப் பார்த்துக்கொண்டே நான் நாளைக் கடத்தினேன். இந்த உலகத்திலேயே எங்கள் இருவரைப் போலச் சோம்பேறிகள் கிடையாது என்று தோன்றும்.

எழுந்து நடமாடலாம் என்று ஆனதும் காரையும் எழுப்பினார். கொஞ்சம் இருமிவிட்டுக் கிளம்பியது. மறுநாள் காலை கோலம் போட வாசலுக்கு வந்தால், காருக்கு அடியில் கறுப்பாக ஒரு வட்டம்.

"இன்னாங்க, உங்க வண்டி ஒண்ணுக்குப் போய்ட்டு நிக்குது" என்றேன்.

குந்தி உட்கார்ந்து விரலில் தொட்டு மோந்து பார்த்தார். "ஆயிலு. பழைய வண்டின்னா கொஞ்சம் கசியத்தான் செய்யும் டீச்சர்" என்றார். சந்தோஷமாக இருந்தாலும் சங்கடமாக இருந்தாலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

கொஞ்சம் என்று அவர் சொன்னது ஒரு வாரத்தில் தட்டு அகலத்துக்கு ஆனது. ஆலங்காயத்து மெக்கானிக் ஒருவர் எஞ்சின் தலையில் இருக்கிற டேப்பட் கவரைக் கழற்றி, அதற்கு அடியில் இருக்கிற கேஸ்கட்டை மாற்றிக் கொடுத்தார். மலை ஏறி வருவதற்குள் மறுபடியும் ஒழுகியது. போல்ட்டை இன்னும் இறுக்கச் சொன்னார். இவர் இறுக்கினார். இறுக்க இறுக்க இன்னும் ஒழுகியது. மறுபடி வேறு கேஸ்கட், மேலே பேஸ்ட், மறுபடி லீக். சாயங்காலம் ஆனால் ஸ்பேனரோடு பானட்டுக்குள் தலையை விட்டுக்கொள்வார். எனக்கு எரிச்சலாக இருக்கும். வயிற்றுக்குள் ஒன்று புரள ஆரம்பித்திருக்கிறது, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். கேட்டால் கேஸ்கட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். இந்த மனுஷனுக்கு எதுவுமே மனசில் தங்காது போலிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே மூட்டை ஏற்றப் போனவர்தானே என்றும் நினைத்தேன்.

ஏழாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கே ஒழுகுகிறது என்று பார்த்தே தீர்வது என்று உட்கார்ந்தார். எஞ்சினை டீசல் போட்டுக் கழுவி, துணியால் துடைத்துக் காயவைத்தார். பிறகு அடுப்படி வாசலில் வந்து நின்று, "உன் பவுடரு டப்பாவ குடு" என்றார்.

"இன்னாத்துக்கு?"

"வண்டிக்குப் பூசணும்."

மெக்கானிக் போனில் சொல்லிக்கொடுத்த வழியாம். சுத்தமான எஞ்சின் மேல் பவுடரைத் தூவிவிட்டு வண்டியை ஓடவிட்டால், எந்த இடத்தில் பவுடர் ஈரமாகிறதோ அங்கேதான் லீக். என் டப்பாவில் பாதியைக் கொட்டி, கல்யாணப் பெண்ணுக்கு ஒப்பனை செய்கிற மாதிரி அந்த எஞ்சினுக்குப் பூசினார். வண்டி ஓடியது. நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் டேப்பட் கவர் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. அப்புறம் முன்பக்கம் பெல்ட் ஓடுகிற சக்கரத்துக்குப் பின்னால். அப்புறம் கீழே கியர் பாக்ஸ் சேருகிற இடத்தில். போதாக்குறைக்கு, ஆயில் அளவு பார்க்கிற கம்பி தானாகவே எழும்பி, குழாயை விட்டு விரல் உயரம் வெளியே நின்றது.

அவர் முகம் விழுந்துவிட்டது. "மூணு எடத்துலயும் போவுது. எஞ்சினையே எறக்கணும் போல. எறக்கிட்டா எப்பத் திரும்பி வருமோ" என்றார். சொல்லிவிட்டு என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார்.

எனக்குள் இருந்த டீச்சர் முழித்துக்கொண்டாள். "மூணு எடமும் எப்படிங்க ஒண்ணா கெட்டுப்போவும்? அந்தக் கம்பி ஏன் எழும்புது? குக்கர்ல வெயிட்டு போடற ஓட்டை அடைச்சிக்கினா கேஸ்கட்டு வழியாத்தான் பொங்கி ஊத்தும். குத்தம் கேஸ்கட்டு மேலயா? ஆவி போறதுக்கு வழி இல்ல, அவ்ளோதான். உங்க வண்டிக்கு ஆவி எந்தப் பக்கம் போவுது?"

எஞ்சின் மூச்சு விடுவதற்கென்று ஒரு ரப்பர் குழாய் உண்டு. ஏர் ஃபில்டரில் செருகியிருக்க வேண்டியது. முன்னால் வைத்திருந்த யாரோ அதைக் கழற்றி, கீழ்ப்பக்கமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்து முதுகு மண்ணைக்கூடத் தட்டவில்லை.

"அடைப்பா?" என்றேன்.

"இல்ல. நல்லாத்தான் இருக்குது."

என் அறிவியல் தோற்றுப் போனதில் எனக்கு அன்று முழுக்க மூஞ்சி தூக்கல்தான்.

ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் விசித்திரம். சாயங்கால ஸ்பேனர் வேலையே நின்றுவிட்டது. மெக்கானிக்குக்குப் போன் இல்லை. டிக்கியில் ஆயில் கேன் ஒன்று வந்து குடியேறியது. காலையில் எழுந்ததும் அளவு பார்த்து, குறைந்ததை ஊற்றிவிட்டு, அடியில் ஓர் அட்டையை விரித்துவைப்பார். அந்த எஞ்சினை விட்டுவைக்காத மனுஷன் எப்படி ஒரேயடியாக விட்டுவிட்டார்? எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது.

ஒரு நாள் மத்தியானம் அவர் பைக்கில் நெல்லிவாசல் பக்கம் புளி எடை போடப் போயிருந்தார். நான் பானட்டைத் தூக்கினேன். குனிந்து பார்க்க வயிறு இடம் கொடுக்கவில்லை. போனில் லைட்டைப் போட்டு, பக்கவாட்டில் உட்கார்ந்து, கையை மட்டும் காருக்கடியில் நீட்டிப் படம் படமாக எடுத்தேன். நாலைந்து படம் வெறும் சக்கரம். ஒன்றில் மட்டும் குழாயின் வாய் நேராக விழுந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன்.

மண். வழவழவென்று, வளையம் வளையமாக, யாரோ விரலால் தடவி மூடிய மாதிரி. குளவிக்கூடு.

நான் அசையாமல் படுத்திருந்த மாதங்களில், அசையாமல் நின்ற காருக்குள் ஒரு குளவி மண் கொண்டுவந்து அடைத்து, உள்ளே முட்டையிட்டுவிட்டுப் போயிருக்கிறது. முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் அவர் ஏன் சொல்லவில்லை என்பது புரிந்தது. எங்கள் பக்கத்தில் வீட்டில் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கப் போகிறது என்பார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் அந்தக் கூட்டை யாரும் உடைக்க மாட்டார்கள். ஒட்டடை அடிக்கிறவர்கள்கூடத் துடைப்பத்தை அந்த இடத்தில் சுற்றிக்கொண்டு போவார்கள்.

அவர் வந்ததும் போனை நீட்டினேன். "இது இன்னா?"

பைக் சாவியைச் சுற்றிக்கொண்டிருந்த விரல் நின்றது. "கூடு."

"அன்னைக்கே பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன்."

"பாத்துட்டு நல்லாருக்குதுன்னு பொய் சொன்னீங்க. காட்டு ரோட்டுல எஞ்சினு நின்னுபோச்சின்னா, வலியெடுத்தவள வச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க? ஒரு குச்சிய வுட்டுக் குத்தினா கொட்டிடும். அவ்ளோதானே?"

"அவ்ளோதான்."

"அப்புறம் ஏன் குத்தல?"

"கை வரல" என்றார்.

நான் இன்னும் கத்தியிருப்பேன். அவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"மொத தபா, பொங்கலுக்கு வெள்ளையடிச்சேன் இல்ல, அப்ப ஜன்னலுக்கு மேல ஒண்ணு கட்டியிருந்துச்சி. நீ உண்டாயிருக்கறது நமக்கே தெரியாது. சுரண்டிப் போட்டேன். உள்ள புழு இருந்துச்சி. வெள்ளையா, சின்னதா. இந்தக் கைமேலதான் விழுந்துச்சி. தட்டி விட்டுட்டேன். கொஞ்ச நாள்லயே உன்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனோம்."

வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இத்தனை வருஷமாக என் பிள்ளைகளை நான் மட்டும்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று இருந்தேன். பக்கத்தில் படுத்திருக்கிறவர் தன்னையே குற்றவாளியாக்கி வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார். எனக்கு அது தெரியவே இல்லை.

"கரு சரியா உருவாகல, யாரு மேலயும் தப்பு இல்லன்னு டாக்டரம்மா சொன்னாங்களேங்க" என்றேன்.

"தெரியும் டீச்சர். அவங்க சொல்றப்ப நானும் அங்கதானே நின்னுக்கினு இருந்தேன்."

தெரிந்துதான் இருந்தது. எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் படம் எடுத்ததிலிருந்து அவர் வருகிற வரைக்கும், பக்கத்திலேயே குச்சி கிடந்தும், நான் மட்டும் அந்தக் கூட்டைக் குத்தினேனா? இல்லை. அறிவியல் டீச்சர், கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குகிறவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு பலாமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எனக்கும் கை வரவில்லை.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூடு இருப்பது குழாயின் கடைசியில்தானே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏங்க, கூட்ட ஏன் ஒடைக்கணும்? குழாய அறுத்துடுங்க" என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தார். அப்படியே சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

குழாயைக் கழற்றி வெளியே எடுத்து, கூட்டுக்கு ஒரு சாண் மேலே ரம்பத்தை வைத்தார். மண் விண்டுவிடக் கூடாதென்று அவ்வளவு மெதுவாக அறுத்தார். நான் இரண்டு கையாலும் அடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அறுத்த துண்டைச் சமையல்கட்டுப் பரணில், எறும்பு ஏறாத மூலையில் கொண்டுபோய் வைத்தார். உள்ளே இருந்தது உயிரோடு இருந்ததா, ஆயில் சூட்டில் போய்விட்டதா, தெரியாது. நாங்கள் அதைத் திறந்து பார்க்கவில்லை.

ஆலங்காயத்திலிருந்து புதுக் குழாய் வாங்கிவந்து மாட்டினார். இறுக்கி இறுக்கிச் சப்பையாகிப் போன கேஸ்கட்டையும் மாற்றினார். குழாயின் வாயில் கொசுவலைத் துண்டு ஒன்றை வைத்துக் கட்டினார்.

"இது எதுக்கு?" என்றேன்.

"இன்னொண்ணு கட்டிச்சின்னா இன்னொண்ணு பெத்துக்கணுமே" என்றார்.

என் டப்பாவில் மிச்சமிருந்த பவுடரும் எஞ்சினுக்கே போனது. வண்டியை ஓடவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். டேப்பட் கவர் ஓரம் வெள்ளையாகவே இருந்தது. முன்பக்கம் வெள்ளை. கீழேயும் வெள்ளை. ஆயில் கம்பி தன் இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. மறுநாள் காலை நான் கோலத்தைக் காருக்கு ரொம்பப் பக்கத்திலேயே போட்டேன்.

வலி ஒரு முற்பகலில் வந்தது. பின் சீட்டில் மூட்டைக்குப் பதிலாக நான். காவலூர் தாண்டிக் காட்டுக்குள் இறங்கும்போது, மெதுவாகப் போ என்று ஒரு தடவையும் சீக்கிரம் போ என்று ஒரு தடவையும் மாற்றி மாற்றித் திட்டினேன். அவர் எல்லாவற்றுக்கும் சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர் என்றார். வண்டி எங்கேயும் நிற்கவில்லை. பொழுது சாய்வதற்குள் வாணியம்பாடி ஆஸ்பத்திரியில் எங்கள் மகள் அழுதாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுத அழுகைக்கு ஈடே கிடையாது.

நர்ஸம்மா துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "அப்பா வாங்குங்க" என்று நீட்டினார். அவர் ஓரடி பின்னால் போனார். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

"வேணாம் சிஸ்டர், கையெல்லாம் ஆயிலு. அவங்ககிட்டயே குடுங்க."

நான் படுக்கையிலிருந்து பார்த்தேன். பின்னால் மறைத்த கை சுவர்ப் பக்கம் இருந்த கண்ணாடியில் எனக்கு நன்றாகத் தெரிந்தது. சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் சுருங்கி வெளுத்திருந்தது.

"லீக்கு நின்னு மாசம் ரெண்டாவுது. கையில ஏதுங்க ஆயிலு?" என்றேன். "ஒண்ணும் ஆவாது. புடிங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். அப்புறம் இரண்டு கையையும் நீட்டினார்.