சேலையில் வந்த ஸ்டார்ட்டர்

அந்தமான் தீவில், ரங்கத் ஊரில் நான் ஓட்டிய பழைய ஜீப், ஒருநாள் காலையில் பட்டனை அழுத்தியதும் 'டக்' என்றது, அவ்வளவுதான். ஹாரன் நன்றாக அடித்தது, விளக்கும் மங்கவில்லை. பேட்டரியில் குற்றமில்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிப் பிரித்தேன். உள்ளே சுருள் கருகிக் கிடந்தது.

தீவில் வேறு மோட்டார் கிடைக்கவில்லை. மெட்ராஸில் இருந்த மனைவிக்கு எழுதினேன். வண்டியைத் தள்ளித் தள்ளியே ஓட்டி, இரண்டு கப்பல்களுக்குக் காத்திருந்தேன். மூன்றாவது கப்பலில் மோட்டார் வந்தது, அவளுடைய பச்சைச் சேலையில் பாதியைச் சுற்றிக்கொண்டு. என்னைக் கப்பலேற்ற வந்த அன்று அவள் கட்டியிருந்த சேலை அது.

மோட்டாரை மாட்டியதும் ஒரே அழுத்தில் வண்டி உறுமியது. உதவிக்கு வந்த மெக்கானிக் சந்தோஷத்தில் கிரீஸ் கையை அந்தச் சேலையிலேயே துடைத்தான்.

"வைடா கீழே!" என்று கத்திவிட்டேன்.

"பழைய கப்டாதானே அண்ணே, இதுக்குப் போய் இவ்வளவு குஸ்ஸாவா?" என்றான், துணிக்கும் கோபத்துக்கும் தீவின் இந்திச் சொல்லைப் போட்டு.

மூன்று முறை சோப்புப் போட்டேன். கறை போகவில்லை, அவள் வாசனைதான் போயிற்று.

அன்றே மனைவிக்கு எழுதினேன். மோட்டார் அருமையாக ஓடுகிறது, ஆனால் டைனமோவும் கெட்டுவிட்டது, சீக்கிரம் வாங்கி அனுப்பு என்று.

டைனமோவுக்கு ஒரு குறையும் இல்லை.