பக்கத்துப் படுக்கைக்காரிக்கு என்ன ஆயிற்று?

இபு சார்மி ஆஸ்பத்திரி மாடிப்படியில் பாதி ஏறியதும் நின்று கைபேசியைக் காதில் வைத்துக்கொள்வார். மறுமுனையில் யாரும் இருக்க மாட்டார்கள். மூச்சு வாங்குவது யாருக்கும் தெரியக்கூடாது, அவ்வளவுதான். கொரோனாவிலிருந்து பிழைத்துச் சில வருடங்கள் ஆகியும், படிக்கட்டில் மட்டும் அது அவரை விடவில்லை.

இப்படிப்பட்டவர்கள் எப்படித் தேறிவருகிறார்கள் என்று அறியத்தான் எங்கள் ஆய்வு. அதற்காக யாரையும் புதிதாகக் கூப்பிட்டு ஊசி குத்தவில்லை. யார் சேர்ந்தார், எப்போது வீட்டுக்குப் போனார், பிறகு எதற்காக எந்த மருத்துவரிடம் வந்தார் என்று ஆஸ்பத்திரி வழக்கமாக எழுதிவைப்பதையே ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்தோம். நாடு நாடாகச் சுற்றிவிட்டு அப்போதுதான் ஜாவாவுக்குத் திரும்பியிருந்த எனக்கும் அங்கே ஒரு நாற்காலி கிடைத்தது. கணினி வேலைக்குச் சுமத்ராவின் மேடானிலிருந்து பாங் மாருலி வந்திருந்தார்; பாங் என்றால் அண்ணன், இபு என்றால் அம்மா. அடுத்த கட்டடம் வரை கேட்கிற குரல் அவருக்கு. பதிவறையில் வெகுகாலம் வேலை பார்த்த இபு சார்மிதான் எங்களுக்கு எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தவர்.

அவருக்குத் தெரிய வேண்டியிருந்ததோ ஒரே ஒருத்தியைப் பற்றி. கொரோனா வார்டில் பக்கத்துப் படுக்கையில் கிடந்த வாகியெம், சந்தையில் டெம்பே என்ற சோயாக் கட்டி விற்பவர். இபு சார்மிக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் திரைக்கு அந்தப் பக்கமிருந்து அதட்டுவாராம்: "ஏ ஆஸ்பத்திரிக்காரி! செத்துகித்துத் தொலைச்சிடாத. இந்தக் கஞ்சிய நான் தனியா குடிக்க மாட்டேன்."

ஒருநாள் கண்விழித்தபோது அந்தப் படுக்கையில் வேறு யாரோ. வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். நடக்கக்கூட முடியாதவளை இடமில்லாமல் அனுப்பிவிட்டார்களோ, போன இடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாளோ என்ற பயம் இபு சார்மிக்குள் அப்படியே இருந்தது.

கணினி இணைத்து முடித்தது. வீடு திரும்பியவர்களில் பெருங்கூட்டம் அதன்பின் எங்குமே தென்படவில்லை. வாகியெமும் அந்தக் கூட்டத்தில்தான்.

"இத்தனை பேர் ஒரு காய்ச்சலுக்குக்கூட வரலன்னா..." மாருலியின் குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது. "செத்துட்டாங்கன்னுதான் தோணுது, இபு."

இபு சார்மி தின்றுகொண்டிருந்த பொரித்த தோஃபுவைப் பாதியில் வைத்தார். "ஒவ்வொரு பேரா வாசிங்க, பாங். தெரிஞ்சவங்க இருந்தா விசாரிச்சுப் பார்க்கலாம்."

மாருலி வாசித்தார். பத்துப் பன்னிரண்டு பெயர்கள் போயிருக்கும். "ரெத்னோ குசுமவர்தனி..."

இபு சார்மி பாய்ந்துபோய், மிளகாய் ஒட்டியிருந்த கையாலேயே அவர் வாயைப் பொத்தினார். "ஐயோ, அந்தப் பேரச் சொல்லாதீங்க!"

"ஏன், தெரிஞ்சவங்களா? இறந்துட்டாங்களா?" மாருலி உதட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நான்தாய்யா அது!"



"எனக்கு அந்தப் பேரு கனம், தாங்கல, அதான் நோய் வந்துச்சுன்னு அம்மா சொன்னாங்க. வீட்டுக்கு வந்ததும் சிவப்புக் கஞ்சியும் வெள்ளைக் கஞ்சியும் படைச்சு, சார்மின்னு மாத்திட்டோம். பழைய பேரக் கூப்பிட்டா நோய்க்கு வழி தெரிஞ்சிடும்."

"எங்க ஊர்ல செத்தாக்கூட குலப்பேரு விடாது! நீங்க என்னடான்னா சட்டையக் கழட்டிப் போடற மாதிரி போட்டுட்டீங்களே!" என்றார் மாருலி.

"உங்க பேரு லேசுதான், பாங். ஆள்தான் கனம்."

சிரித்துக்கொண்டிருந்த மாருலி சட்டென்று கணினித் திரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் சித்தப்பாவும் காய்ச்சலிலிருந்து மீண்டதும் பெயரை மாற்றிக்கொண்டவர்தான். பழைய பெயரை வாயில் எடுக்காமலே பழகியதில், அப்படி ஒன்று இருந்ததையே நாங்கள் மறந்திருந்தோம். அந்த அவசர நாட்களில் அடையாள எண் கேட்க யாருக்கும் நேரமில்லை. பெயரை நம்பித்தான் எல்லாரையும் இணைத்திருந்தோம்.

மாருலி பெயரை விட்டுவிட்டு, பிறந்த தேதி, ஊர், இரத்த வகை, பழைய நோய்கள் ஆகியவற்றை வைத்து மறுபடி இணைத்தார்.

காணாமல் போனவர்கள் வரத் தொடங்கினார்கள். ஸ்லாமெத், வாலுயோ, ராஹாயு என்று பிழைத்தவர், குணமானவர், நலமானவர் என்று பொருள்படும் பெயர்களோடு வந்தார்கள். பல் பிடுங்க வந்திருந்தார்கள். கண்ணாடி மாற்ற, பிள்ளை பெற வந்திருந்தார்கள். இறந்துவிட்டார்கள் என்று நாங்கள் எண்ணியவர்கள் எங்கள் வாசலிலேயே வரிசையில் நின்றிருக்கிறார்கள்.  சிலர் மட்டும் எந்தப் பெயரிலும் வரவில்லை. அவர்கள் உண்மையாகவே போய்விட்டவர்கள்.

"வாகியெம்?" இபு சார்மி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

அதே ஊர், அதே பிறந்த தேதி, பூகம்பத்தில் முறிந்த அதே இடது முழங்கால். இப்போது பெயர் ராஹாயு. நுரையீரல் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தார், எங்கள் கீழ்த்தளத்துக்கே.

இபு சார்மி முகத்தை மூடிக்கொண்டார்.

"முகவரி எடுத்துத் தரட்டுமா, இபு?"

"வேண்டாம் பாங். நான் போய் நிக்கிறதுக்கா அவ ஆஸ்பத்திரியில முகவரி குடுத்தா? இருக்கா, அது போதும்." பிறகு, "எப்படி இருக்கான்னு மட்டும் படிங்க" என்றார்.

மாருலி படித்தார். முதல் முறை நடந்தபோது ராஹாயு தாழ்வாரத்தின் பாதியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்து, கைத்தடியோடு கடைசிவரை. பிறகு கைத்தடி இல்லாமல். கடைசியாகப் பயிற்சியாளர் எழுதியிருந்தது: "நடைச் சோதனை. நடக்கச் சொன்னால் ஓடுகிறார். சொல்லியும் கேட்கவில்லை."