பதினோரு மாதம் கறுக்காத ஆயில்

"தை மாதம் நான்காம் நாள் எழுதிக்கொண்ட உடன்படிக்கை. முதல் நபரான கணவருக்கும் இரண்டாம் நபரான மனைவிக்கும் பொதுவில் பாத்தியப்பட்ட பழைய காரில் இன்று மாலை நாலரை மணிக்கு மூன்றரை லிட்டர் சிந்தெடிக் ஆயில் ஊற்றப்பட்டது. வருகிற தை நான்கு வரை இந்த ஆயிலை மாற்றுவதில்லை. அதற்குள் இன்ஜின் மக்கர் செய்தால், இரண்டாம் நபர் கைகாட்டும் ஆளுக்குக் காரை விற்க முதல் நபர் ஆட்சேபணையின்றிச் சம்மதிக்கிறார். மக்கர் செய்யாவிட்டால், காரை விற்கும் பேச்சை இரண்டாம் நபர் இந்த வீட்டில் எடுக்கக் கூடாது."

இந்தத் தாள் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில், மாம்பழம் போல் செய்த ஒரு காந்தத்தின் கீழ் பதினோரு மாதம் இருந்தது. நான் உத்திரமேரூரில் பத்திரம் எழுதிப் பிழைப்பவன். எழுதிக்கொள்ளாத பேச்சு எனக்குப் பேச்சே இல்லை. சாட்சிக் கையெழுத்தை மனைவியின் தம்பி போட்டான். நான்கெல்லை மட்டும் குறிக்கவில்லை. கார் நகரும் சொத்து.

நகரும் என்பதில்தான் தகராறு. உடன்படிக்கைக்கு இரண்டு நாள் முன்பு, மாட்டுப் பொங்கலன்று பெருமாளின் பாரிவேட்டை உற்சவம் பார்க்கப் பழையசீவரம் போகும் கூட்டத்தின் நடுவே, பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிடத்துக்குக் கார் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். பானெட்டிலிருந்து கிளம்பிய புகையைப் பார்த்து ஓர் அம்மாள் சாம்பிராணி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் மனைவி இறங்கி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனாள். கதவை அடித்துச் சாத்தியிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

காஞ்சிபுரம் சாலையில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக், பழைய ஆயிலை வடித்து விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சார், இது ஆயில் இல்ல, கேவுரு கூழு. ஒரு வெங்காயம் இருந்தா கடிச்சிக்கினு குடிச்சிடலாம்."

சிந்தெடிக் ஊற்றச் சொன்னது அவர்தான். ஆறு மாதம் அல்லது ஐயாயிரம் கிலோமீட்டர், எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்றார். காரோடு வந்த கையேட்டை நான் நன்றாகப் படித்திருக்கிறேன். நல்ல ஆயில் போட்டால் ஒரு வருடம் அல்லது பத்தாயிரம் கிலோமீட்டர் என்று அதில் இருக்கிறது. பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

"அது கார் புச்சா இருந்தப்போ எழுதுனது சார். காருக்குப் பதினேழு வயசாயிடுச்சி. புக்குக்கு வயசாவலையே. பழைய இன்ஜினு ஆயிலக் குடிக்கும், அங்கங்க ஒழுவும், சீக்கிரம் கறுக்கும். நம்ம மாரிதான்."

"நான் ஒழுகறதில்லை," என்றேன்.

"இப்போதிக்கி," என்றார்.

அவர் வழக்கமாக அடுத்த ஆயில் மாற்றும் தேதியை ஓர் அட்டையில் எழுதி ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுவார். எனக்கு மட்டும் தருவதில்லை. அதற்கு நான்தான் காரணம். ஒருமுறை அவர் நவம்பர் 31 என்று எழுதிக் கொடுத்த அட்டையில் சிவப்பு மையால் திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பமும் இட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பத்திரத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் அப்படித்தான் செய்ய வேண்டும். அதன் பிறகு என் காரில் அட்டை தொங்கியதில்லை.

ஆகவே கையேட்டின் பக்கம் நானும், மெக்கானிக்கின் பக்கம் இன்ஜினும், விற்கும் பக்கம் என் மனைவியுமாக அந்த வருடம் தொடங்கியது.

என் முறை எளியது. தினமும் காலை ஏழு மணிக்கு, இன்ஜின் ஆறியிருக்கும்போது, ஆயில் அளவுக் குச்சியை உருவுவேன். அன்றைய தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து அதன் மேல் ஒரு சொட்டு விடுவேன். தேதி ஏற்கெனவே அச்சாகியிருப்பதால் எழுதும் வேலை மிச்சம். சொட்டு பெரும்பாலும் ராசிபலன் மேல் விழும். கன்னி ராசிக்காரர்களுக்குப் பயணத்தில் ஆதாயம் என்பதை ஒரு மாதம் முழுக்க நான் ஆயில் வழியாகத்தான் படித்தேன். பிறகு நிறத்தைக் குறிப்பேட்டில் எழுதுவேன்.

தை: தேன். மாசி: தேன், சற்றே வறுத்த வெந்தயம். பங்குனி: கருப்பட்டிப் பாகு. பங்குனிக் கடைசியில் டிகாஷனுக்கு ஒரு படி முன்னால் நின்றபோது எனக்கு இரண்டு நாள் நாஷ்டா இறங்கவில்லை. சித்திரை இருபதாம் தேதி குச்சியை உருவினேன். தேன்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். தேன்தான். அளவும் மேல் கோட்டைத் தொட்டு நின்றது.

அன்றைக்கு நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். சிந்தெடிக் ஆயிலுக்குத் தன்னைத்தானே தெளியவைத்துக்கொள்ளும் குணம் இருக்கலாம், கோடை வெயில் அதற்கு உதவலாம், ஊருணித் தண்ணீரில் தேற்றாங்கொட்டை உரைப்பது போன்ற ஒரு வினை இன்ஜினுக்குள் நடக்கலாம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. 'லாம்' போட்டுத்தான் எழுதினேன் என்பதை மட்டும் இப்போது என் சார்பில் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனிக் கடைசியில் ஆயில் மறுபடி கறுத்து, மறுபடி தெளிந்தது. ஆவணியிலும் அப்படியே. கார்த்திகையிலும் அப்படியே. 'தெளிவுச் சுழற்சி' என்று அதற்குப் பெயர் வைத்தேன். மனைவியிடம் குச்சியைக் காட்டுவேன்.

"பார்த்தியா? மக்கர் உண்டா?"

"இன்னும் தை வர்ல," என்பாள்.

இதற்கிடையில் காரை இரவல் கேட்டவர்களுக்கும் கொடுத்தேன். கொடுத்த தேதி, திரும்பிய தேதி, ஓடிய கிலோமீட்டர் எல்லாம் குறிப்பில் உண்டு. கூடவே ஒரு வருத்தமும் உண்டு. எங்கள் பக்கத்தில் குழம்பு வந்த கிண்ணத்தை யாரும் வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். என்ன போட்டோம் என்று வாயால் சொல்லவும் மாட்டார்கள். சொன்னால் போட்டதற்கு மரியாதை போய்விடும். ஆனால் என் கார் வெறுமனேதான் திரும்பியது. "சித்திரை 19: மச்சான் பெண் பார்க்க வேலூர் போய்த் திரும்பினான். பின் சீட்டில் ஒரு சீப்பு வாழைப்பழம் கூட இல்லை." "ஆனி 28: பக்கத்து வீட்டு அண்ணன், மகளுக்கு வளைகாப்புச் சீர் எடுத்துக்கொண்டு தாமல் போய் வந்தார். வெற்றிலைக் காம்பு ஒன்று கிடந்தது. சீராகக் கருத முடியாது."

மார்கழி ஆறாம் தேதி, இன்னும் ஒரு மாதம் பொறுக்க முடியாமல், முந்நூறுக்கு மேற்பட்ட காலண்டர் தாள்களைக் கயிற்றில் கட்டி எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன்.

"இன்னா சார், பழைய காலண்டரா? குடுங்க, கை தொடைக்கலாம்."

"இது ஆதாரம். பதினோரு மாசம், ஒரே ஆயில். தொட்டுப் பாருங்க."

அவர் கையை லுங்கியில் துடைத்துவிட்டுத் தாள்களைப் புரட்டினார். மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒரே ஆயிலா? உங்க வண்டிக்கு இந்த வருசம் அஞ்சு தபா மாத்திக்கீறேனே சார்."

ஷெட்டின் தகரச் சுவரைக் காட்டினார். அட்டை தராத என் வண்டிக்கு அவர் சுவரில் கோடு போட்டு மாதம் எழுதுவாராம். 'பத்திரம்' என்ற தலைப்பின் கீழ் ஐந்து சாக்பீஸ் கோடுகள் இருந்தன. தை, சித்திரை, ஆனி, ஆவணி, கார்த்திகை.

"தை நான். மீதி?"

"சித்திரையில உங்க மச்சான் வந்தாரு. 'மாமா வண்டி குடுத்தாரு, சும்மா திருப்பி உடக் கூடாது, ஆயில் மாத்திடு'ன்னாரு. ஆனியில பக்கத்து வூட்டுக்காரரு. அவரும் அதேதான் சொன்னாரு. 'சாருக்குத் தெரிய வாணாம்'னு வேற சொன்னாரு."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அவரு வாணாம்னாரே. மத்தவங்கள நீங்கதான் அனுப்புறீங்கன்னு நெனச்சிக்கினு கீறேன். வண்டி வச்சிக்கினா இப்டி வச்சிக்கணும்னு வர்றவங்கிட்டல்லாம் உங்களத்தான் சொல்றேன்."

"ஆவணி?"

"நான் அன்னிக்கி இல்ல. வெள்ளச் சட்ட போட்ட ஆளுன்னு ஷெட்டுப் பையன் சொன்னான்."

"கார்த்திகை?"

அவர் ஒரு டயரை உருட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் போய்விட்டார்.

மச்சானை அங்கிருந்தே போனில் கூப்பிட்டேன். "உடன்படிக்கையில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நீ. ஆயிலை மாற்றக் கூடாது என்று அதில் இருக்கிறதே," என்றேன்.

"சாட்சி எங்க மாமா பத்திரத்தப் படிப்பான்? கையெழுத்துதானே போடுவான்."

இருபத்தாறு வருடத் தொழிலில் இதற்கு எதிராக ஓர் உதாரணத்தைக் கூட என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

வீடு வரும் வழியெல்லாம் யோசித்தேன். இன்ஜின் மக்கர் செய்யவில்லை. அந்த வகையில் கார் என்னுடையதுதான். ஆனால் 'இந்த ஆயிலை' என்று எழுதியவன் நான். இந்த ஆயில் சித்திரையிலேயே போய்விட்டது. சொல்லாமல் இருந்தால் இன்னும் இருபத்தெட்டு நாளில் ஜெயித்துவிடலாம். ஆனால் குறிப்பேட்டில் எழுதாமல் இருக்க என்னால் முடியாது. எழுதினால் அவள் படிப்பாள். நான் எழுதுவதைப் படிக்கிற ஒரே ஆள் அவள்தான். ஆகவே காரை விற்றுவிடுவது என்றே முடிவு செய்து உள்ளே போனேன்.

மனைவி முறத்தை மடியில் வைத்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆயிலை மாத்திட்டாங்க," என்றேன்.

"யாரு?"

"சித்திரையில உன் தம்பி. ஆனியில பக்கத்து வீட்டு அண்ணன். ஆவணியில வெள்ளைச் சட்டை போட்ட யாரோ."

"கார்த்திகையிலன்னு எதுனா சொன்னானா?"

நான் கார்த்திகையைச் சொல்லவே இல்லை. அவள் இன்னும் இரண்டு மொச்சையை உரித்து முறத்தில் போட்டாள்.

"அம்மாவுக்குக் கண்ணு ஆபரேசனுக்குக் காஞ்சிபுரம் இட்டுக்கினு போனேன்ல, அப்பதான்," என்றாள். "குச்சியப் பாத்தேன். கன்னங்கரேல்னு கீது. நீங்க தேன்னு எழுதிக்கினு கீறீங்க."

"அன்னிக்குக் கருப்பட்டின்னுதான் எழுதினேன். சரி, மாத்தாம விட்டிருந்தா வழியிலே நின்னிருக்கும். நீ ஜெயிச்சிருப்பியே."

"நின்னிருந்தா எங்கம்மா கண்ணுல கட்டோட ரோட்ல ஒக்காந்துனு இருக்கும். அப்புறம் ஜெயிச்சி இன்னா பண்றது?"

"நம்ம கார்தானே. இரவல் வாங்கின மாதிரி ஆயில் மாத்தணுமா?"

"பொதுவுலன்னு பத்திரத்துலதான் எழுதிக்கீறீங்க. சாவி கேட்டா, எங்க போற, எத்தினி மணிக்கு வருவ, எத்தினி கிலோமீட்டருன்னு எழுதி வாங்கிக்கினுதான குடுக்கறீங்க."

குறிப்பில் பார்த்தேன். இருந்தது. "கார்த்திகை 9: இரண்டாம் நபர். புறப்பாடு 6.40."

இன்ஜின் மக்கர் செய்தால் என்ன ஆகும் என்று எழுதியிருந்தேன். இரண்டாம் நபரே உடன்படிக்கையை உடைத்தால் என்ன ஆகும் என்று எழுதவில்லை. அதைச் சொன்னேன். அவள் எழுந்து போய் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து தாளை எடுத்து, மொச்சைத் தோலை அதில் கொட்டி மடித்தாள்.

"வண்டி கெடக்கட்டும். நாலு தபா மாத்துனதுல அதுவும் நல்லாத்தான் ஓடுது. ஆறு மாசத்துக்கு ஒரு தபா நீங்களே மாத்துங்க. காலண்டரக் கிழிக்காதீங்க. வூட்ல ஒரு நல்ல நேரம் பாக்க முடியல."

மறுநாள் மெக்கானிக்கிடம் போய் அட்டை கேட்டேன். திருத்த மாட்டேன் என்று வாய்மொழியாகச் சொன்னேன். அவர் சிரிக்காமல் எழுதிக் கட்டினார். அடுத்த ஆயில் மாற்றம்: ஜூன் 31. சிவப்புப் பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. கையை ஸ்டீயரிங்கிலேயே வைத்துக்கொண்டேன்.

ஆவணிக் கோடு மட்டும் பாக்கி. வெள்ளைச் சட்டை போடும் மூன்று பேரைக் கேட்டேன். மூவரும் இல்லை என்றார்கள். ஆவணி முழுதும் காரை யாருக்கும் இரவல் தந்ததாக என் குறிப்பில் இல்லை. டயருக்குக் காற்றுப் பிடிக்க ஒருநாள் நானே ஷெட்டுக்குப் போனதாகவும், வண்டி நிற்கும் நேரத்தில் ஒரு பழைய வாரப் பத்திரிகையை முழுதாகப் படித்ததாகவும், நடுவே ஷெட்டுப் பையன் ஏதோ கேட்டதற்குத் தலையாட்டியதாகவும் இருக்கிறது. "அன்னிக்கு நீங்க இன்னா சட்ட?" என்று மனைவி கேட்டாள். சட்டையின் நிறத்தை நான் குறித்துவைக்கவில்லை. ஆவணியில் ஆயில் மாற்றச் சொன்னது யார் என்பது இதை எழுதும் நாள் வரை உறுதிப்படவில்லை.