ஒன்பதாம் படுக்கையில் இருந்தவர்

முத்துமாரி டூட்டிக்கு மாட்டேன் என்று சொன்னதில்லை. வார்டில் யாராவது லீவு போட்டால், யாராவது வேலையை விட்டு அயர்லாந்துக்குப் போனால், இன்சார்ஜ் சுஷ்மா முதலில் அவளைத்தான் பார்ப்பாள். "முத்து, நீ இருக்கே இல்ல?" என்று இந்தியில் கேட்பாள். முத்துமாரி இருப்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவள் பிறந்தது தில்லியில், தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில். அம்மா ஜங்புரா வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். நர்ஸிங் படிக்கப் போகிறேன் என்று இவள் சொன்னபோது கேம்ப்பில் யாரும் சிரிக்கவில்லை. இனி ஊசி போட வீட்டுக்கே ஆள் வரும் என்று சந்தோஷப்பட்டார்கள். வேலை கிடைத்த தனியார் மருத்துவமனை நடந்து போகிற தூரத்தில் இருந்தது. பிறகு கேம்ப்பை இடித்தார்கள். நகரத்தின் மறுகோடியில், நரேலாவில் ஃபிளாட் கிடைத்தது. நல்ல ஃபிளாட்தான். கழிப்பறை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மகள் ஸ்நேஹா கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள். ஆனால் வேலைக்குப் போக ஒரு பஸ், இரண்டு மெட்ரோ, மறுபடி ஒரு பஸ். முன்பு தூங்கிய நேரம் இப்போது வழியில் கழிகிறது.

ஜனவரியில் ஒரு நாள், நைட் டூட்டி முடிந்த காலையில், மாற்றி விட வேண்டியவள் வரவில்லை. சுஷ்மா பார்த்தாள். முத்துமாரி இருந்தாள்.

அது ஆண்கள் வார்டு. அவளும் புதிதாகச் சேர்ந்த ப்ரீதாவும் மட்டும். ஜன்னலோரம் சில படுக்கைகள் உண்டு. பனிமூட்டம் விலகினால் வெயில் அங்கேதான் விழும். தில்லி ஜனவரியில் வெயிலை யாரும் சும்மா விடமாட்டார்கள். நோயாளிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, கொஞ்ச நேரம் நீ, கொஞ்ச நேரம் நான் என்று இடம் மாறிப் படுப்பார்கள். நர்ஸ்கள் திட்டுவார்கள். பிறகு வேறு வேலை வந்துவிடும்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒன்பதாம் படுக்கைக்கு இன்சுலின். ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் கன்னாவுக்கு. மருந்தை இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்பது விதி. ப்ரீதா ஒருவரை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தாள். முத்துமாரி தனியாக மருந்தை எடுத்தாள். ஒன்பதில் ஒருவர் குரங்குக் குல்லாயை மூக்கு வரை இழுத்துவிட்டுப் போர்வைக்குள் கிடந்தார். உங்கள் பெயர் என்ன என்றுதான் எப்போதும் கேட்பாள். அன்று, "கன்னாஜி தானே?" என்றாள்.

பாதித் தூக்கத்தில் "அச்சா" என்றது குல்லா. சட்டையைத் தானே தூக்கி வயிற்றைக் காட்டியது.

கையில் கட்டிய பட்டையில் பெயர் இருக்கும். அது ஸ்வெட்டருக்குள் இருந்தது. மடித்துப் பார்க்கவில்லை. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள்.

ஜன்னல் பக்கத்திலிருந்து கன்னா கத்தினார். "சிஸ்டர்ஜி! சாப்பாட்டு வண்டி வந்தாச்சு. என் ஊசி எங்க? பசியில உயிர் போகுது!"

அவள் கை நின்றது. குல்லா மேலே ஏறியது. உள்ளே ரங்கராஜன் இருந்தார். லக்ஷ்மிபாய் நகரில் மகனோடு இருப்பவர், ஓய்வுபெற்ற அதிகாரி, நெஞ்சுச் சளிக்காகச் சேர்ந்தவர்.

"ஏம்மா, ரத்தம் உறையாம இருக்கக் காலம்பறயே வயித்துல ஒண்ணு போட்டாச்சே. மறுபடியுமா?"

"இல்ல சார். படுங்க."

ப்ரீதா வரும்வரை காத்திருந்து, இரண்டு பேருமாகப் பார்த்து, கன்னாவுக்குப் போட்டார்கள். பிறகு முத்துமாரி ஸ்டோர் ரூமில் ஸலைன் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தாள். நடந்தது யாருக்கும் தெரியாது. எழுந்து ரங்கராஜனிடம் போனாள்.

"சார், உங்களுக்கு வேற ஒருத்தர் ஊசிய போடப் பாத்தேன். கன்னாஜியோட இன்சுலின்."

"எனக்குத்தான் ஷுகரே கெடையாதே!" என்றார் பெருமையாக. பிறகு புரிந்தது. "போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"சக்கர எறங்கி நினைவு தப்பியிருக்கும். நீங்க தூங்கறீங்கன்னு நாங்க விட்டிருப்போம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "அந்தக் கன்னாவுக்கு எடத்த விட்டுக்கொடுத்தது நான்."

"நீங்க எங்க படுத்தாலும் பேரக் கேக்கறது என் வேல சார்."

"நீ எப்போ தூங்கினே?"

"முந்தாநாள்."

"நாங்க செக்ரடேரியட்ல தூங்கிண்டே வேலை பாத்தோம். ஒருத்தரும் சாகலை" என்றார். "உனக்கு அந்த சௌகரியம் இல்லையே."

அவள் சிரித்துவிட்டாள்.

டூட்டி முடியும் நேரத்தில் சுஷ்மா வந்தாள். "முத்து, ஈவினிங்குக்கும் ஆள் இல்ல. நீ இருக்கே இல்ல?"

"இல்ல தீதி."

சுஷ்மா தலையைத் தூக்கினாள். "என்ன இல்ல?"

முத்துமாரி நடந்ததைச் சொன்னாள்.

"ஊசி உள்ள போகலையே. அப்புறம் என்ன?"

"கன்னாஜிக்குப் பசிச்சதால போகல."

"நீயும் ஆரம்பிச்சுட்டியா? மகாராணி ஆயிட்டே!"

"தீதி, நான் நின்னா ஆள் இருக்கற மாதிரி தெரியும். ஆனா ஆள் இருக்காது."

 சுஷ்மாவின் கண்களுக்குக் கீழேயும் கறுத்திருந்தது. போனை எடுத்து மேலிடத்தைக் கூப்பிட்டாள். "ஆள் அனுப்புங்க. இல்லேன்னா இன்னிக்கு என் வார்டுல புது அட்மிஷன் கிடையாது... சண்டை போடணும்னா போடுங்க. ஒருத்தரையும் எடுக்கமாட்டேன்." வைத்துவிட்டு ஸ்வெட்டர் கையை மடித்துக்கொண்டாள். ஈவினிங் டூட்டியை அவளே பார்க்கப் போகிறாள்.

"என்ன பாத்துட்டு நிக்கறே? ஜல்தி போ. என் மனசு மாறிடும்."

மெட்ரோவில் இடம் கிடைத்தது. இறங்க வேண்டிய ஸ்டேஷனில் எதிரே இருந்த பெண் தோளைத் தட்டி எழுப்பினாள். வெளியே ஆட்டோ ஸ்டாண்டில் கணவன் கருப்பசாமி சவாரிக்குக் காத்து நின்றான்.

"என்னா, தொரத்திட்டாங்களா?"

"நாந்தான் மாட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"நீயா?" வண்டியை எடுக்காமல் திரும்பி அவளைப் பார்த்தான். "அந்தம்மா என்னா சொன்னாங்க?"

"மகாராணியாம்."

"அப்ப உக்காரும்மா மகாராணி" என்றான். பின்னால் பாய்ந்து வரும் குளிர்காற்றுக்குப் படுதாவை இறக்கிவிட்டான்.

வீட்டில் ஸ்நேஹா சப்பாத்தி போட்டு எடுத்து வருவதற்குள் அவள் தூங்கிப்போயிருந்தாள். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை.

இருட்டிய பிறகு போன் அடித்தது. சுஷ்மாவின் பெயர். ஸ்நேஹா அப்பாவைப் பார்த்தாள். கருப்பசாமி கொஞ்சம் தயங்கிவிட்டு எடுத்தான்.

"தூங்கறா மேடம்" என்றான் இந்தியில், அவளைக் கூட்டிப் போக யாரோ வாசலில் வந்து நிற்பதுபோல விறைப்பாக.

"அச்சா" என்றாள் சுஷ்மா. "ஆள் வந்தாச்சுன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். எழுப்ப வேணாம்."