போயா பகலில் கேட்ட துவக்குச் சத்தம்

டமார்... டமார்... கொஞ்சம் விட்டு, இன்னொரு டமார்.

மூன்று மாதத்துக்கு முந்தின போயா அன்று, பௌர்ணமி விடுமுறை நாளில், நடந்தது இது. என் கடைக்கு லீவு. பக்கத்து வீட்டுக் குசினியில் உட்கார்ந்து பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீடு புஷ்பம் மிஸ்ஸின் வீடு. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். எங்கள் பக்கத்தில் நர்ஸ்மாரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். வேலை போனாலும் அந்தப் பெயர் போகாது.

நாங்கள் இருப்பது இரத்தினபுரி டவுனுக்கு மேலே, மேட்டில் ஒரு சின்ன லேன். பத்துப் பன்னிரண்டு வீடுகள். பின்பக்கம் சரிவு. சரிவில் யாரோ ஒரு முதலாளியின் ரம்புட்டான் தோட்டம், அதற்கும் கீழே ரப்பர். அமைதியான இடம் என்று சொல்லித்தான் எங்களுக்கு வீட்டை விற்றார்கள். உண்மையும் அதுதான்... அந்த மூன்று சத்தம் வரைக்கும்.

பலாமரத்தில் இருந்த கிளிகள் ஒன்றாகக் கிளம்பிப் பறந்தன. மிஸ்ஸின் கை கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டது.

"வெடியா மிஸ்? யாராச்சும் கல்யாண வீட்டுல...?"

"வெடியில்ல கலா. வெடின்னா சரம் சரமா வெடிக்கும். இது துவக்குச் சூடு."

டீ.வி.யைப் போட்டால் தினமும் அதே செய்தி. மோட்டார் சைக்கிளில் வந்தார்கள், சுட்டார்கள், போய்விட்டார்கள். கொழும்பில், காலியில், எங்கெங்கோ. அதைப் பார்த்துப் பார்த்து நம் காதும் பழகிவிடுகிறது போலிருக்கிறது. எதைக் கேட்டாலும் அதுவாகவே கேட்கிறது!

நான் எழுந்து ஜன்னலுக்கு ஓடினேன். ரம்புட்டான் மரங்களுக்கு நடுவே ஒரு ஆள். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். தோளில் நீளமாக, சாம்பல் நிறத்தில் என்னமோ இருந்தது. சரிவில் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தார்.

"மிஸ்! ஒருத்தன் ஓடுறான். கையில நீளமா என்னமோ வச்சிருக்கான்!"

மிஸ் அதற்குள் பொலிஸ் அவசர இலக்கத்துக்குக் கோல் எடுத்துவிட்டார். சிங்களத்தில் பதற்றமில்லாமல் விபரம் சொன்னார். எந்த இடம், எத்தனை சத்தம், எந்தப் பக்கம். "துவக்கு மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு ஒருவர் ஓடுகிறார்" என்றார். அந்தப் பக்கத்தில் இருந்தவர் திருப்பிச் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "துவக்கோடு ஒருவர் ஓடுகிறார்... சரிதானே?"

"ஓவ்" என்று ஆமோதித்தார் மிஸ்.

கவனித்தீர்களா? இறங்கிப் போன ஆள் என் வாயில் ஓடிய ஆளானார். நீளமான சாமான் மிஸ்ஸின் வாயில் துவக்கு மாதிரி ஆனது. ஃபோனின் மறுமுனையில் அது துவக்கே ஆகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் பயத்தைச் சேர்த்தோம், அவ்வளவுதான்.

பொலிஸ் வராது, வந்தாலும் எல்லாம் முடிந்த பிறகுதான் வரும் என்று நாம் எப்போதும் குறை சொல்கிறோம் இல்லையா? அன்றைக்குச் சொன்ன வேகத்தில் வந்துவிட்டார்கள். கீழ் ரோட்டில் ஜீப் நின்றது. லேனில் ஒரு கேட்டும் திறக்கவில்லை. திரைச்சீலைகள் மட்டும் அசைந்தன. கீழே யாரோ அதட்டும் குரல். கிளைகள் முறியும் சத்தம். ஒரு அலறல்.

அப்புறம் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் அம்புலன்ஸ் வந்தது.

"பாத்தீங்களா மிஸ்... யாரையோ சுட்டுத்தான் இருக்கான்" என்றேன். அந்த அலறல் வந்தது துவக்குச் சத்தத்துக்குப் பிறகு இல்லை, பொலிஸ் வந்த பிறகு என்பதை மிஸ் கவனித்திருந்தார்.

பொழுது சாய்வதற்குள் லேன் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது.

துவக்கும் இல்லை, சூடும் இல்லை. குரங்கு விரட்டுகிற பைப். பீ.வீ.சீ. பைப்புக்குள் கார்பைட் துண்டைப் போட்டு, தண்ணீர் விட்டு, லைட்டரைத் தட்டினால் மலையே அதிர்கிற மாதிரி வெடிக்கும். பழத்தோட்டம் வைத்திருக்கிற பாதிப்பேரிடம் இப்போது அது இருக்கிறது. தோளில் சுமந்து போனது அதைத்தான். சுமந்தவர் அந்த ரம்புட்டான் தோட்டத்து வாச்சர். பெயர் தங்கராஜ். காலையில் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுவார், பகலில் இங்கே காவல்.

சீருடையில் நாலைந்து பேர் துவக்கை நீட்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் பைப்பைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். இந்தத் தடவை நிஜமாகவே ஓடினார். கல்லுக் கட்டு ஒன்றின் மேலிருந்து கீழே விழுந்து, வலது கை மணிக்கட்டு முறிந்துவிட்டது.

பால் வெட்டுகிற கை.

மறுநாள் காலையில் நான் கடை திறக்கக் கிளம்பும்போது புஷ்பம் மிஸ் என் வாசலில் நின்றார். வெளியே போகிற சேலை, கையில் ஒரு பை.

"வா கலா. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருவோம்."

"நம்ம போன் பண்ணினது அவங்களுக்குத் தெரியாதே மிஸ்... போகத்தான் வேணுமா?"

"தெரியாது. அதனாலதான் போகணும்."

ஆம்பிளைகள் வாட்டில் ஓரத்துக் கட்டில். பக்கத்தில் கதிரை போட்டு ஒரு கொன்ஸ்டபிள் ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கராஜுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். கையில் மாவுக்கட்டு. முகத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. தெரிந்த முகம்! போன சீசனில் "மொதலாளி குடுக்கச் சொன்னாருங்க" என்று எங்கள் கேட்டில் ஒரு பை ரம்புட்டான் கொண்டுவந்து கொடுத்தவர். பையை வாங்கிக்கொண்டேன். பெயரைக் கேட்கவில்லை.

கால்மாட்டில் அவர் மனைவி ராணி நின்றிருந்தார். நாங்கள் நம்மாட்கள், தமிழ் ஆட்கள், என்று தெரிந்ததும் அவசரமாக ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மிஸ் மாவுக்கட்டைத் தொட்டுப் பார்த்து, விரல்களை அசைக்கச் சொன்னார். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார்.

"மூணு வெடி போட்டேங்க மிஸ்" என்றார் தங்கராஜ். "ஒரு கொரங்கும் போகல. நான்தான் போயிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"மிஸ் எந்தத் தோட்டமுங்க?" என்று கேட்டார் ராணி.

"எஹலியகொட பக்கம். நானும் தோட்டத்து லயத்துல பொறந்தவதான்." மிஸ் பையை மடியில் வைத்துக்கொண்டார். "ராணி, ஒரு விஷயம் சொல்லணும். நேத்துப் பொலிசுக்குப் போன் பண்ணினது நான்தான். துவக்குன்னு நெனச்சிட்டேன்."

கொன்ஸ்டபிளுக்குத் தமிழ் தெரியாது. ஃபோனில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"ஓடுறாருன்னு சொன்னது நான்" என்றேன் நானும்.

தங்கராஜின் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. "அப்ப ஓடலீங்களே..." என்றார், ஏதோ கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி. "பள்ளத்துல எறங்குனா கால் தன்னால வேகமாப் போகுமுங்க."

ராணி எங்களைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"ஜன்னல்ல இருந்து அவரு தெரிஞ்சாருங்களா?"

"தெரிஞ்சாரு" என்றேன்.

"அப்ப யாரப்பா அதுன்னு ஒரு கொரல் குடுத்திருக்கலாமுங்களே. நாந்தாங்க, கொரங்கு வெரட்டுறேன்னு சொல்லியிருப்பாருல்ல..."

துவக்கு வைத்திருக்கிறவனை யாராவது கூப்பிட்டுப் பெயர் கேட்பார்களா? மாட்டார்கள். கேட்கவும் கூடாது. ஆனால் அவரிடம் துவக்கு இல்லையே! இருக்கிறது என்று முடிவு செய்தது நாங்கள். அந்தக் கட்டிலுக்கு முன்னால் நின்று இந்த நியாயத்தை எல்லாம் பேச முடியுமா?

மிஸ் அங்கிருந்து நேரே பொலிசுக்குப் போனார். நானும் போனேன். கேட்டது என்ன, பார்த்தது என்ன, நாங்களாகச் சேர்த்தது என்ன, எல்லாவற்றையும் பிரித்துச் சொன்னோம். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். பைப்பை எடுத்துக் காட்டி, "தூரத்தில் பார்த்தால் நானும் துவக்கு என்றுதான் சொல்வேன் நோனா" என்றார். தங்கராஜை எச்சரித்து விட்டுவிட்டார்கள். நாங்கள் கிளம்பும்போது அந்த அதிகாரி சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "நோனா செய்தது சரி. அடுத்த தடவையும் கோல் எடுங்கள். அது நிஜமாக இருந்தால்?"

அவர் சொன்னதில் பிழையே இல்லை. கஷ்டமே அதுதான். நாங்கள் செய்தது சரி, அவர்கள் வந்தது சரி. எல்லாம் சரியாக நடந்து, ஒரு மனிதனின் கை முறிந்துவிட்டது.

பொலிஸ் தேடி வந்த ஆள் வேண்டாம் என்று ரம்புட்டான் முதலாளி தங்கராஜைக் காவல் வேலையில் இருந்து நிறுத்திவிட்டார். மிஸ் போய் எடுத்துச் சொன்னார். "எனக்கு அவர் மேல் கோபமில்லை, ஆனால் பிரச்சினை வேண்டாம்" என்றாராம் முதலாளி. மாவுக்கட்டைப் பிரித்தாகிவிட்டது. ஆனால் மணிக்கட்டு பழையபடி திரும்பவில்லை. பால் வெட்டுகிற கத்தியைப் பட்டையில் அழுத்தி இழுக்க முடியவில்லை. தோட்டத்தில் அவரைப் புல்லு வெட்டப் போட்டிருக்கிறார்கள். அதையும் இடது கையால்தான் செய்கிறார்.

கைப் பயிற்சிக்கு வரச் சொல்கிற நாட்களில் மிஸ்தான் த்ரீவீலர் பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார். அவர் மிஸ்ஸோடு நன்றாகப் பேசுகிறார். தோட்டத்துக் கதையெல்லாம் சொல்லிச் சிரிக்க வைக்கிறாராம். ராணியும் கூட வருவார். திரும்பும் வழியில் மிஸ் கூப்பிடுவார் — "உள்ள வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க."

"இருக்கட்டுங்க மிஸ்" என்பார் ராணி. முகத்தில் கோபம் எதுவும் இருக்காது. கேட்டுக்கு வெளியே நிற்பார். ஒரு தடவைகூட உள்ளே வந்ததில்லை.

மிஸ் இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்துவிட்டு, மறுபடி அலுமாரிக்குள் வைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ரம்புட்டான் தோட்டத்துக்குப் புது வாச்சர் வந்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் டமார்! லேன் முழுக்க மிஸ்ஸின் வீட்டைத் திரும்பிப் பார்த்தது. நான் மிஸ்ஸின் குசினியில்தான் இருந்தேன். நான் ஜன்னலைத் திறந்து, தொண்டை கிழியக் கத்தினேன்.

"கவுத ஏ? யாரது?"

"மம நோனா! சமன்! வந்துரோ எலவனவா!"

சமனாம். குரங்கு விரட்டுகிறாராம். வேலி வரைக்கும் இறங்கிப்போய் அவருடைய ஃபோன் நம்பரை வாங்கிக்கொண்டு வந்தேன். பொலிஸ் நம்பர் எங்கள் இரண்டு பேருக்கும் மனப்பாடம். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற மனிதனின் நம்பரைத்தான் இவ்வளவு காலமும் யாரும் கேட்டு வைக்கவில்லை.