கால் சுற்று

என் மச்சினி, அதாவது மனைவியின் தங்கை, ஒளியின் தள்ளாட்டத்தைக் கணக்கிட்டுச் சம்பளம் வாங்கினாள். நான் அதே ஆய்வுக்கூடத்தில் ஏசி மெக்கானிக். எனக்குப் புரியும் வேலையை நானும், வீட்டில் யாருக்கும் புரியாத வேலையை அவளும் பார்த்துவந்தோம்.

கண்ணாடி இழையில் வரும் லேசர் ஒளியை, வாங்கும் பக்கத்தில் இன்னொரு லேசரோடு ஒப்பிட்டுத்தான் செய்தியைப் படிக்க வேண்டுமாம். இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போகாதாம். எவ்வளவு விலகியிருக்கிறது என்று அவளுடைய புரோகிராம் கணித்து, அந்த அளவுக்குத் திருப்பிவிடும். கணிப்பு சரியென்றால், திரையில் ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளிலும் புள்ளிகள் கூடி நிற்கும்; எந்த மூலை என்பதுதான் செய்தியாம்.

அன்றும் பளிச்சென்றுதான் நின்றன. ஆனால் செய்தி திடீர் திடீரென்று மொத்தமும் தப்பாக வந்தது. மாலையில் வாடிக்கையாளர் வருகிறார். அதற்குள் சரியாகாவிட்டால் அவளுடைய வேலை ஒப்பந்தம் நீளாது. கேபிளை மாற்றினார்கள், லேசரை மாற்றினார்கள். கடைசியில் மேலாளர் கூரையைப் பார்த்தார்.

"ஏசி அதிர்வுதான். ஆஃப் பண்ணுங்க."

பண்ணினேன். எல்லோரும் வியர்த்தோம், பிழை மட்டும் போகவில்லை.

"இப்ப சூட்டுல தப்பு வருது. உங்களை வேற கட்டடத்துக்கு மாத்தச் சொல்றேன்" என்றார்.

ஓடினாலும் குற்றம், நின்றாலும் குற்றம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரையையே வெறித்துக்கொண்டிருந்த மச்சினி திரும்பினாள். "அத்தான், சதுரத்தைக் கால் சுற்று திருப்பினா, திருப்பினதே தெரியாதுல்ல?"

ஒன்றும் விளங்காமல் தலையாட்டிவைத்தேன்.

புரோகிராம் அவ்வப்போது கால் சுற்று தப்பாகத் திருப்பியிருக்கிறது. படம் மாறாது, ஆனால் ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியாகப் படிக்கப்படும். இதைக் காட்டிக்கொடுக்கத்தான் நடுநடுவே முன்பே தெரிந்த அடையாளங்களை அனுப்புவார்களாம். வேகம் கூடட்டும் என்று போன வாரம் அவற்றை எடுத்தவள் அவளே. படம் சுத்தமாக இருந்ததால் சந்தேகமே வரவில்லை.

அவள் அவற்றைச் சத்தமில்லாமல் திரும்பப் போட்டிருக்கலாம். பழி ஏசி மேல் கிடந்திருக்கும். 'சும்மா இரு' என்று சொல்ல எனக்கே நாக்கு நுனிவரை வந்தது.

"சார், அத்தான் மேல தப்பில்ல. அடையாளத்தை எடுத்தது நான்தான்" என்றாள்.

வாடிக்கையாளர் பார்த்தபோது ஒரு பிழைகூட இல்லை. மேலாளர் அவளோடு கைகுலுக்கினார். ஒப்பந்தத்தை மட்டும் நீட்டிக்கவில்லை. அது என்ன கணக்கோ, எனக்கு இன்றும் பிடிபடவில்லை.

"அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க அத்தான்" என்று வாசலில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

மனைவி கதவைத் திறந்தாள். "உன் தங்கச்சி என்னைக் காப்பாத்திட்டா" என்று தொடங்கினேன். அவள் வேலை போனதைச் சொல்வதற்கு முன் செருப்பைக் கழற்றக் குனிந்தேன்.