போகும்போது நடை, வரும்போது வண்டி

முட்டியை மாற்றிக்கொண்டு சென்னையிலிருந்து வீடு திரும்பிய பிறகு எனக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் உட்காரத் தோன்றும். டி.வி.யைப் போடுவேன், உடனே அணைப்பேன். குழம்பில் உப்பு கம்மி என்று கணவர் மீது எரிந்து விழுவேன். உப்பு சரியாகத்தான் இருக்கும். காலுக்குள் முன்பின் தெரியாத யாரோ குடிவந்துவிட்ட மாதிரி இருந்தது. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இந்தக் கால் என்னை நடுவழியில் தள்ளிவிடும் என்ற பயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் ஒருநாள் வாக்கரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுக் கைத்தடியைக் கொடுத்தார்.

"காலு நல்லா இருக்குதும்மா. பயந்தான் ஜாஸ்தியா இருக்குது. டெய்லி கோயில் வரைக்கும் போயிட்டு வாங்க."

எங்கள் வீடு திருவண்ணாமலைக்குப் பக்கம் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை மேலேயே இருக்கிறது. வீட்டிலிருந்து ஊர்க் கோயிலுக்குப் போவது மலையை வலம் வரும் திசை. திரும்பி வருவது எதிர்த் திசை. ஆபரேஷனுக்கு முன்னால் மலையைச் சுற்றுவதாக வேண்டியிருந்தேன். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டுதல் பாக்கி இருக்கறப்ப இந்தக் காலு எதிர்ப்பக்கம் நடக்கக் கூடாதுங்க" என்று கணவரிடம் சொன்னேன்.

தினமும் நான் கோயில் வரை நடப்பேன். அவர் மொபெட்டில் வந்து ஏற்றிக்கொண்டு திரும்புவார். வண்டியில் எதிர்ப்பக்கம் போனால் குற்றமில்லை. நானே போட்ட சட்டம்தான்.

பக்கத்து வீட்டுக்காரிக்கு வாய் சும்மா இருக்காது. "பால் வாங்க நாங்க எதிர்ப்பக்கந்தாங்க்கா நடக்கறோம். எங்க கண்ணை சாமி குத்திடுச்சா?" என்று கேட்டாள். அவளோடு பேச்சை நிறுத்திவிட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும் அந்தப் பாதையில் இரண்டு பக்கமும் நடந்தவள்தான். அவள் கேட்டது சுருக்கென்றது அதனால்தான்.

ஒருநாள் வெயிலுக்குப் பயந்து சாயங்காலம் கிளம்பினேன். கோயிலை அடைந்தபோது பாதை நிறைய ஜனம். பௌர்ணமி என்பது இருவருக்குமே மறந்துபோயிருந்தது! பௌர்ணமிக்குப் பாதையில் வண்டி விட மாட்டார்கள். பூக்கடை ஓரமாக நின்று நின்று பார்த்தேன். அவர் வரவில்லை. கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. மலையைச் சுற்றி வீட்டுக்குப் போக எனக்குத் தெம்பு ஏது? வீட்டைப் பார்க்கத் திரும்பி நடந்தேன்.

ஜனமெல்லாம் என்னைப் பார்த்து வந்தது. இடித்துவிடுவார்களோ, இதோ விழப்போகிறேனோ என்று மனசு அடித்துக்கொண்டது. தடியைப் பார்த்துச் சிலர் விலகினார்கள். வெளியூர்க்காரர் ஒருவர், "அம்மா, அந்தப் பக்கம் போகணும்" என்று கை காட்டினார். "என் வீடு இந்தப் பக்கம்!" என்று கத்தினேன். கத்தியதில் கொஞ்சம் தைரியம் வந்தது.

பாதி வழியில் கணவர் வேர்க்க விறுவிறுக்க எதிரே நடந்து வந்தார்.

"போலீஸ்காரன் வண்டிய வுடல. வூட்டுலயே போட்டுட்டு ஓடியாறேன்" என்று என் கையைப் பிடித்தார். பிறகுதான் உறைத்தது போல. "எதிர்ப்பக்கமா நடந்துட்டியே, வேண்டுதல் என்னாவறது?"

"அதை நான் சாமிகிட்ட பேசிக்கறேன். நீங்க மொதல்ல கையை விடுங்க."

அவர் விட்டார். பயந்துகொண்டேதான், வீடு வரை நானே நடந்தேன்.